ஐந்து லட்சத்துக்கு ஜப்பானில் வீடு: டோக்கன் கொடுக்கலாமா?

கேள்வி: எனக்கு 44 வயது, கோவையில் ஐடி வேலை. கணவர் சின்னதாக ஒரு லேத் பட்டறை வைத்திருக்கிறார், மகள் ப்ளஸ் டூ படிக்கிறாள். ஜப்பான் கிராமங்களில் காலி வீடுகள் நாலைந்து லட்சம் ரூபாய்க்குக் கிடைப்பதாக ரீல்ஸில் பார்த்துப் பார்த்து ஆசை வந்துவிட்டது. கையில் 25 லட்சம் இருக்கிறது. வருடத்தில் இரண்டு மாதம் அங்கே இருந்துவிட்டு, மற்ற நாட்களில் ஏர்பிஎன்பியில் விடலாம் என்று நினைக்கிறோம். சொந்த வீடு இருந்தால் விசாவும் சுலபம் என்கிறார் ஒரு நண்பர். ஆன்லைனில் பழக்கமான ஏஜென்ட் ஒருவர், வீட்டை நமக்காகப் பிடித்து வைக்க ஒரு லட்சம் ரூபாய் டோக்கன் கேட்கிறார். கொடுக்கலாமா? வாங்கினால் இருவர் பெயரிலும் பதிய முடியுமா?
- பெயர் வேண்டாம், கோவை

பதில்: டோக்கன் கொடுக்காதீர்கள். வீடு வாங்குவதா வேண்டாமா என்பதை அப்புறம் பேசலாம், அந்த ஒரு லட்சம் இப்போதைக்கு உங்கள் கணக்கிலேயே இருக்கட்டும்.

ஜப்பானில் உரிமம் பெற்ற புரோக்கர் வழியாக வாங்கும்போது நடைமுறை இப்படி: முதலில் சொத்தின் நிறை குறை எல்லாம் எழுதிய விளக்கப் பத்திரம் ஒன்றைத் தேர்வு எழுதி உரிமம் பெற்ற ஆள் உங்களுக்கு வாசித்து விளக்க வேண்டும், அது சட்டம். அதன் பிறகு ஒப்பந்தம். முன்பணம் கைமாறுவது ஒப்பந்தத்தின் போதுதான், வழக்கமாக விலையில் ஐந்து முதல் பத்து சதவீதம். ஐந்து லட்சம் ரூபாய் வீட்டுக்கு, ஒரு காகிதத்தைக்கூடக் கண்ணில் காட்டாமல், ஒரு லட்சம் கேட்கிறவர் ஜப்பான் வழக்கப்படி நடக்கவில்லை. அவருடைய உரிம எண்ணைக் கேளுங்கள். அந்த நாட்டு நிலம், போக்குவரத்து அமைச்சகத்தின் இணையதளத்தில் அதைத் தேடிச் சரிபார்க்கலாம். எண் தராமல் மழுப்பினால் அதோடு பேச்சை முடித்துக்கொள்ளுங்கள்.

நண்பர் சொன்ன விசா கதை தவறு. ஜப்பானில் யார் வேண்டுமானாலும் நிலத்தோடு வீடு வாங்கலாம், வெளிநாட்டவருக்குத் தடை இல்லை. ஆனால் வீடு வாங்கியதற்காக ஒரு நாள்கூடக் கூடுதலாகத் தங்க விடமாட்டார்கள். சுற்றுலா விசா கொடுத்தால் உண்டு, அதுவும் ஒரு தடவைக்கு அதிகபட்சம் 90 நாள். தொழில் விசாவில் போகலாம் என்று யாராவது கிளப்பினால், அதற்குத் தேவையான முதலீட்டை 2025 அக்டோபரில் 50 லட்சம் யென்னிலிருந்து 3 கோடி யென்னாக ஏற்றிவிட்டார்கள் என்பதைச் சொல்லுங்கள். யென் அறுபது காசை ஒட்டி இருப்பதாக வைத்துக்கொண்டாலும் அது ஒன்றேமுக்கால் கோடி ரூபாய்க்குப் பக்கம். உங்கள் 25 லட்சத்துக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை.

சரி, வீட்டுக்கு வருவோம். 2023ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் ஜப்பானில் 90 லட்சம் வீடுகள் காலி, மொத்தத்தில் 13.8 சதவீதம். ரீல்ஸ்காரர்கள் இந்த எண்ணைச் சொல்லித்தான் ஆரம்பிப்பார்கள், ஆனால் அதில் பாதிக்குக் கிட்டத்தட்ட வாடகைக்கு ஆள் தேடும் சாதாரணக் குடியிருப்புகள் என்பதைச் சொல்ல மாட்டார்கள். நீங்கள் பார்க்கும் அகியா என்கிற கிராமத்து வீடுகள் வேறு ரகம். பிள்ளைகள் டோக்கியோவுக்கும் ஒசாகாவுக்கும் போய்விட்டார்கள், தாத்தா பாட்டி காலமாகிவிட்டார்கள், வீட்டுக்கு ஆண்டுதோறும் வரி மட்டும் வந்துகொண்டிருக்கிறது. நம் ஊரில் வீடு பழசானாலும் மனை விலை ஏறும் என்ற நம்பிக்கையில்தான் எல்லாரும் வாங்குகிறோம். அங்கே வரிக் கணக்கில் ஒரு மர வீட்டின் ஆயுள் 22 வருடம், அதற்கு மேல் கட்டடத்துக்கு மதிப்பே போடமாட்டார்கள். ஆள் குறைந்துகொண்டே போகிற ஊரில் மனைக்கும் பெரிய விலை இல்லை. ஆக, விற்கிறவர் உங்களுக்குச் சலுகை காட்டவில்லை. தன் தலையில் இருக்கும் பாரத்தை இறக்கி வைக்க ஆள் தேடுகிறார். நீங்கள் ஐந்து லட்சம் கொடுத்து வாங்கினால் அடுத்து அதை யாரிடம் இறக்குவீர்கள்? வாங்குவதற்கு முன் இதற்குப் பதில் தெரிந்திருக்க வேண்டும், ஏனென்றால் வீடே வேண்டாம் என்று இடிக்க நினைத்தாலும் சாதாரண அளவு மர வீட்டுக்குப் பத்துப் பதினைந்து லட்சம் யென் ஆகும், அதாவது வாங்கிய விலையைவிட அதிகம். அரசாங்கத்திடம் ஒப்படைக்கலாமே என்றால், 2023இல் வந்த அந்தத் திட்டம் வாரிசு முறையில் வந்த நிலத்துக்கு மட்டும், அதுவும் மேலே கட்டடம் இல்லாமல் இருக்க வேண்டும். காசு கொடுத்து வாங்கியவருக்கு அந்த வழி கிடையாது.

விலையைத் தாண்டிய செலவுகளைப் பார்ப்போம். புரோக்கர் கமிஷன் விலையோடு சேர்ந்து குறையாது. 2024 ஜூலையிலிருந்து 80 லட்சம் யென்னுக்குள் உள்ள சொத்துகளுக்கு, முன்கூட்டியே சொல்லி ஒப்புதல் வாங்கிக்கொண்டு, வரி சேர்த்து 3,30,000 யென் வரை வாங்கலாம் என்று விதியை மாற்றினார்கள். இல்லாவிட்டால் மலிவு வீடுகளைத் தொடவே எந்தப் புரோக்கரும் தயாராக இல்லை. எட்டு லட்சம் யென் வீட்டுக்கு மூன்றேகால் லட்சம் கமிஷன், பாருங்கள். அப்புறம் பதிவு வரி, பதிவு செய்து தரும் சட்ட எழுத்தருக்குக் கட்டணம், எல்லாம் முடிந்தது என்று நிம்மதியாக இருக்கும்போது சில மாதம் கழித்து வந்து சேரும் சொத்து வாங்கியதற்கான வரி நோட்டீஸ். ஆண்டுதோறும் சொத்து வரி, மதிப்பீட்டில் 1.4 சதவீதம். தொகை பெரிதாக இருக்காது, ஏனென்றால் வீடு நிற்கும் மனைக்கு 200 சதுர மீட்டர் வரை மதிப்பை ஆறில் ஒன்றாகக் குறைத்துத்தான் வரி போடுகிறார்கள். ஆனால் வீட்டைப் பராமரிக்காமல் போட்டு வைத்து, நகராட்சி எச்சரித்தும் கேட்காவிட்டால் இந்தச் சலுகை போய்விடும். 2023 டிசம்பரில் இந்தப் பிடியை இன்னும் இறுக்கியிருக்கிறார்கள். கோவையில் உட்கார்ந்துகொண்டு அங்கே புல் வெட்ட ஆள் பிடிக்க வேண்டும், அந்த ஆளுக்குப் பணம் அனுப்ப வேண்டும். அங்கே வசிக்காதவர்களுக்கு உள்ளூர் வங்கிக் கணக்குத் தொடங்குவதே பெரும்பாடு. வரி நோட்டீஸ்களை வாங்கிக் கட்டுவதற்கு ஜப்பானில் இருக்கும் ஒருவரை வரிப் பிரதிநிதியாகவும் நியமிக்க வேண்டும்.

வீட்டைப் பார்க்கும்போது நான்கு விஷயத்தில் விட்டுக்கொடுக்காதீர்கள். முதலாவது தேதி: கட்டட அனுமதி 1981 ஜூன் 1க்குப் பிறகு வாங்கியதா? அன்றுதான் புதிய நிலநடுக்கத் தரம் அமலுக்கு வந்தது. கட்டி முடித்த தேதியைக் காட்டிச் சமாளிப்பார்கள், அனுமதித் தேதியைக் கேளுங்கள். மர வீடுகளுக்கு 2000இல் இன்னொரு முறை கடுமையாக்கினார்கள், அதற்குப் பின் கட்டியதென்றால் இன்னும் நல்லது. 2024 புத்தாண்டு அன்று நோட்டோ தீபகற்பத்தில் வந்த நிலநடுக்கத்தில் என்ன நடந்தது என்று பாருங்கள், இடிந்து விழுந்ததில் பழைய மர வீடுகள்தான் ஏராளம். இரண்டாவது பாதை. ஊரில் ஒரு சைட் வாங்கினால் வழி இருக்கிறதா என்று பார்ப்பீர்கள் இல்லையா, அங்கே அதற்குக் கறாரான அளவு உண்டு: குறைந்தது 4 மீட்டர் அகலச் சாலையை மனை குறைந்தது 2 மீட்டர் தொட்டுக்கொண்டிருக்க வேண்டும். இல்லாவிட்டால் வீடு விழுந்தால் மறுபடி கட்ட அனுமதி கிடைக்காது. மலிவு விளம்பரங்களில் இது பொடி எழுத்தில் இருக்கும். 2025 ஏப்ரலிலிருந்து இரண்டு மாடி மர வீட்டில் பெரிய அளவில் மராமத்து செய்யவும் அனுமதி வேண்டும் என்று ஆக்கிவிட்டதால், இந்த மாதிரி வீடுகளைப் புதுப்பிப்பதும் சிக்கல். மூன்றாவது, கழிவுநீர். பாதாளச் சாக்கடையா, செப்டிக் டேங்கா, அல்லது வண்டி வந்து உறிஞ்சி எடுத்துப் போகும் பழைய குழிக் கழிப்பறையா? கடைசி வகை இன்னமும் இருக்கிறது, அதை மாற்றச் செலவு கணிசம். நான்காவது, பெயர். பத்திரத்தில் இருப்பவர் உயிரோடு இருக்கிறாரா? செத்துப்போன தாத்தா பெயரிலேயே கிடக்கும் வீடுகள் நிறைய. வாரிசுப் பதிவைக் கட்டாயமாக்கியதே 2024 ஏப்ரலில்தான். எல்லா வாரிசும் கையெழுத்துப் போட்டு, விற்பவர் பெயருக்கு மாறிய பிறகு பேசுங்கள். தோட்டத்தோடு என்று ஆசை காட்டினால் அது விவசாய நிலமா என்று கேளுங்கள். ஆம் என்றால் உள்ளூர் வேளாண் குழுவின் அனுமதி இல்லாமல் உங்கள் பெயருக்கு வராது. கரையான், ஒழுகும் கூரை எல்லாம் நீங்களே நினைத்திருப்பீர்கள். நகராட்சி நடத்தும் காலி வீட்டுப் பட்டியல் வழியாக நேரடியாக வாங்கும்போது, பின்னால் தெரிய வரும் குறைகளுக்கு விற்பவர் பொறுப்பில்லை என்று எழுதி வாங்கிவிடுவது சகஜம் என்பதை மட்டும் மறக்காதீர்கள்.

இதைவிட அழகான பொறி ஒன்று உண்டு. நீகாத்தா மாகாணத்தில் யுசாவா என்ற பனிச்சறுக்கு ஊரில், எண்பதுகளின் பணவெறியில் கட்டித் தள்ளிய ரிசார்ட் அபார்ட்மெண்டுகள் ஒரு லட்சம் யென்னுக்குக்கூட விற்பனைக்கு வந்திருக்கின்றன. வெந்நீர் ஊற்றுக் குளியல், லிஃப்ட், மலைக்காட்சி எல்லாம் உண்டு. மாதாமாதம் பராமரிப்புத் தொகையும் உண்டு, நீங்கள் ஒரு நாள்கூடப் போகாவிட்டாலும் கட்ட வேண்டும். முன்னால் இருந்தவர் வைத்துவிட்டுப் போன பாக்கியும் சட்டப்படி புது உரிமையாளர் தலையில்தான் விழும். ஒரு லட்சம் யென் என்றதும் கை பரபரக்கும், அப்போது பாக்கி எவ்வளவு என்று எழுத்தில் கேளுங்கள்.

ஏர்பிஎன்பி வருமானத்தைக் கணக்கில் சேர்க்காதீர்கள். 2018இல் வந்த சட்டப்படி வீட்டை விருந்தினருக்கு விடுவது ஆண்டுக்கு 180 நாள்தான், உள்ளூர் நிர்வாகம் இன்னும் குறைக்கலாம். உரிமையாளர் அங்கே இல்லையென்றால் பதிவு பெற்ற நிர்வாக நிறுவனத்திடம் ஒப்படைத்தே ஆக வேண்டும், அவர்கள் ஒரு பங்கு எடுப்பார்கள். அதோடு, சொந்தப் பேரனே எட்டிப் பார்க்காத கிராமத்துக்குப் பயணிகள் எதற்கு வருவார்கள் என்றும் யோசியுங்கள்.

இந்தியப் பக்கம். ரிசர்வ் வங்கியின் தாராளப் பணம் அனுப்பும் திட்டத்தில் ஒருவர் நிதியாண்டுக்கு இரண்டரை லட்சம் டாலர் வரை அனுப்பலாம், ஆகவே வரம்பு உங்களுக்குப் பிரச்சினை இல்லை. இங்கே கடன் வாங்கி அனுப்ப முடியாது, கையிருப்பாக இருக்க வேண்டும். வங்கி வழியாக, சொத்து வாங்குவதற்கு என்ற காரணத்தோடு அனுப்புங்கள். ஏஜென்டின் உள்ளூர்க் கணக்குக்கு ஜிபே செய்கிற வேலை வேண்டவே வேண்டாம். பத்து லட்சத்துக்கு மேல் போகும் தொகைக்கு வங்கி 20 சதவீதம் டிசிஎஸ் பிடிக்கும் (உங்கள் துறையில் இருக்கும் கம்பெனி இல்லை, இது வரி). 25 லட்சம் அனுப்பினால் மூன்று லட்சம் கூடுதலாகக் கையில் வேண்டும். ரிட்டர்ன் போடும்போது கழித்துக்கொள்ளலாம், ஆனால் அதுவரை பணம் முடங்கும். வாங்கிய பிறகு, ஒரு ரூபாய் வருமானம் இல்லாவிட்டாலும், வருமான வரிப் படிவத்தில் வெளிநாட்டுச் சொத்து அட்டவணையை ஒவ்வொரு வருடமும் நிரப்ப வேண்டும். விட்டால் கறுப்புப் பணச் சட்டத்தில் பத்து லட்சம் ரூபாய் அபராதம் வரை போகும். 2024இல் 20 லட்சத்துக்குக் கீழான சொத்துகளுக்குத் தளர்வு கொடுத்தார்கள், அதில் வீடு, நிலம் சேராது. மலிவு வீடுதானே என்று விட்டுவிடாதீர்கள்.

என் கருத்து: இப்போதைக்கு வாங்காதீர்கள். உங்களுக்குப் பிடித்த ஊரில் மாத வாடகைக்கு ஒரு வீடு எடுங்கள், செர்ரி பூக்கும் காலத்தில் இல்லை, பிப்ரவரியில். குளிர் தாங்காத பழைய மர வீட்டில் காலையில் எழுந்து, கூரைப் பனியை யார் தள்ளுகிறார்கள், கடை எத்தனை தூரம், கார் இல்லாமல் நடமாட முடிகிறதா என்றெல்லாம் பாருங்கள். அதற்குப் பிறகும் ஆசை அப்படியே இருந்தால், ரயில் நிலையத்திலிருந்து நடக்கும் தூரத்தில், 1981க்குப் பிந்தைய அனுமதியோடு, வாடகைக்கு ஆள் கிடைக்கிற ஒரு சின்ன நகரத்து வீட்டைத் தேடுங்கள். விலை இரண்டு மடங்கு இருக்கலாம், பரவாயில்லை, அதற்கு வாங்க ஆள் இருக்கும். கையில் இருப்பதில் பாதிக்கு மேல் வீட்டு விலைக்குக் கொடுக்காதீர்கள், மீதி மராமத்துக்கே போய்விடும்.

இருவர் பெயரிலும் பதியலாம், யாருக்கு எத்தனை பங்கு என்று குறிப்பிட்டுப் பதிவார்கள், அவரவர் போட்ட பணத்துக்கு ஏற்ப இருந்தால் வரித் துறை கேள்வி கேட்காது. ஆனால் உங்களுக்குப் பின் அது மகளுக்குப் போகும், அவள் மூன்று வருடத்துக்குள் ஜப்பானில் வாரிசுப் பதிவு செய்ய வேண்டும், தவறினால் ஒரு லட்சம் யென் வரை அபராதம், கூடவே வருடா வருடம் வரியும் புல் வெட்டும் கூலியும். பிளஸ் டூ பரீட்சை முடியட்டும், இந்தக் கணக்கை அவள் முன்னாலும் வைத்து, வேண்டுமா என்று கேளுங்கள்.