டுர்லாக் நகரத்துக் கைப்பம்பு

கேள்வி: ஜெர்மனியில் ஒரு சிற்றூரில் குடியிருக்கும் என் மகள், அங்குள்ள தீயணைப்பு நிலையத்தில் சம்பளத்துக்கு ஒருவர்கூட இல்லை என்றும், அழைப்பு வந்தால் தச்சரும் ஆசிரியரும் கடைக்காரரும்தான் ஓடிவந்து வண்டியை எடுக்கிறார்கள் என்றும் சொல்கிறாள். இந்த வழக்கம் எப்படி வந்தது? தொடக்கத்தில் அவர்களிடம் என்ன கருவிகள் இருந்தன? (வாசகி, விருதுநகர்)

பதில்: உங்கள் மகள் சொல்வது உண்மைதான். அந்த நாட்டில் ஏறத்தாழ 10 லட்சம் பேர் ஊதியமின்றித் தீயணைப்புப் பணியில் இருக்கிறார்கள். சம்பளம் பெறும் படைகள் பெரும்பாலும் பெருநகரங்களில்தான் உண்டு. இந்த வழக்கம் வேரூன்றிய கதையை அறிய, தென்மேற்கு ஜெர்மனியில் கார்ல்ஸ்ரூஹ நகருக்குப் பக்கத்திலிருக்கும் டுர்லாக் என்ற சிறிய ஊருக்குப் போக வேண்டும்.

நெருப்பு என்றால் என்ன என்பதை நன்கு அறிந்த ஊர் அது. 1689-இல் பிரெஞ்சுப் படைகள் வைத்த தீயில் சில வீடுகளைத் தவிர ஊர் முழுவதும் எரிந்துபோனது. அதற்குப் பிறகும் நெடுங்காலம், மற்ற ஐரோப்பிய ஊர்களைப் போலவே, தீயை அணைப்பது ஊராரின் கட்டாயக் கடமையாகவே இருந்தது. ஒவ்வொரு குடிமகனும் தோலால் தைத்த வாளி ஒன்றை வீட்டில் வைத்திருக்க வேண்டும் என்று பல நகரங்கள் விதித்திருந்தன. மணி ஒலித்ததும் எல்லோரும் ஓடிவருவார்கள், வரிசையில் நின்று வாளிகளைக் கைமாற்றுவார்கள். ஆனால் யார் ஏணி பிடிப்பது, யார் சொல்லுக்கு யார் கட்டுப்படுவது என்பதற்கு ஒழுங்கு கிடையாது.

ஹைடல்பெர்க் நகரில் 1842-இல் பட்டறை தொடங்கிய கார்ல் மெட்ஸ் என்பவர் செய்த கைப்பம்பு ஒன்றை டுர்லாக் நகராட்சி வாங்கியது. அதன் அமைப்பைச் சற்று விரிவாகச் சொல்வது அவசியம், ஏனெனில் படை பிறந்ததற்கே அதுதான் காரணம். இவ்வகைப் பம்பில் இரண்டு உருளைகள் இருக்கும். மேலே இருபுறமும் நீண்ட கைப்பிடிகளைக் கொண்ட நெம்புகோலை ஆட்கள் எதிரெதிரே நின்று மாறி மாறி அழுத்தும்போது, ஓர் உருளையில் உந்துதண்டு இறங்க மற்றதில் அது ஏறும். உருளைகளிலிருந்து வெளியேறும் நீர் ஒரு காற்றுக்கலத்துக்குள் புகுந்து அங்குள்ள காற்றை அமுக்கும். உந்துதண்டுகள் திசை மாறும் நொடியிலும் அமுங்கிய காற்று நீரைத் தள்ளிக்கொண்டே இருப்பதால், தாரை விட்டுவிட்டு வராமல் ஒரே சீராகப் பாயும். நெம்புகோலை வேகமாக இயக்குபவர்களின் தோள்கள் சில நிமிடங்களிலேயே தளர்ந்துவிடும் என்பதால், தாரை அறுபடாமல் ஆள் மாற்றுவதற்கும், குழாய்களை முடிச்சு விழாமல் விரித்து இணைப்பதற்கும் பயிற்சி பெற்ற குழு இன்றியமையாதது. கூட்டமாக ஓடிவருபவர்களால் அது இயலாது.

இதை உணர்ந்து செயல்பட்டவர் நகரின் கட்டடப் பொறுப்பாளரான கிறிஸ்டியான் ஹெங்ஸ்ட். 1846-இல் சுமார் 50 பேரைத் திரட்டி, வேலைகளைப் பிரித்துக் கொடுத்து, ஒழுங்கான பயிற்சியும் அளித்தார். அவர்கள் அனைவரும் தாமாகவே முன்வந்தவர்கள்.

அடுத்த ஆண்டே அவர்களுக்குச் சோதனை வந்தது. 1847 பிப்ரவரி 28 அன்று, அப்போது பாடன் என்ற தனியரசின் தலைநகராக இருந்த கார்ல்ஸ்ரூஹவின் அரசவை நாடக அரங்கில், நாடகம் தொடங்குவதற்கு முன்பே, அரச குடும்பத்தின் மாடத்தில் எரிவாயு விளக்கிலிருந்து தீப்பற்றியது. மலிவான இருக்கைகள் கொண்ட மேல்தளத்தில் நெருக்கியடித்து அமர்ந்திருந்தவர்கள் வெளியேற வழியின்றித் திணறினார்கள். 60-க்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். தலைநகரின் ஏற்பாடுகள் குழம்பி நின்றபோது, டுர்லாக்கிலிருந்து பம்போடு வந்து சேர்ந்த ஹெங்ஸ்டின் படை, தீ அடுத்த கட்டடங்களுக்குத் தாவாமல் தடுத்தது. அரங்கைக் காப்பாற்ற அவர்களால் முடியவில்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும். ஆயினும் சிற்றூர்க்காரர்களின் ஒழுங்கைத் தலைநகரே நேரில் கண்டது, செய்தி பரவியது, ஊர் ஊராக இதே முறையில் படைகள் எழுந்தன. உடற்பயிற்சிக் கழகங்களின் இளைஞர்கள் பலர் அவற்றில் சேர்ந்தார்கள். ஏணியில் ஏறவும் கயிற்றில் இறங்கவும் அவர்கள் முன்பே பழகியிருந்தார்கள் அல்லவா!

கேள்வி: அப்படியானால் உலகின் முதல் தன்னார்வப் படை டுர்லாக் படைதானா? (வாசகர், காரைக்குடி)

பதில்: இல்லை. அமெரிக்காவின் பிலடெல்பியாவில் 1736-லேயே அத்தகைய சங்கம் ஒன்று இருந்தது. ஜெர்மனிக்குள்ளும் மைசென் நகரம் 1841-இல் ஒரு படையை அமைத்து, முதலிடத்துக்கு உரிமை கோருகிறது. டுர்லாக்கின் தனிச்சிறப்பு, பிற ஊர்கள் பார்த்துப் பின்பற்றும் முன்மாதிரியாக அது அமைந்ததுதான் என்பது என் கருத்து.

கேள்வி: பிற்காலக் கருவிகளில் குறிப்பிடத்தக்கவை எவை? (வாசகர், தென்காசி)

பதில்: இரண்டைச் சொல்வேன். உல்ம் நகரத்துத் தீயணைப்புத் தலைவர் மகிருஸ், சுவரில் சாய்க்காமல் தானாகவே நிற்கும் நீட்சி ஏணியை 1872-இல் உருவாக்கினார். 1882-இல் குய்டோ ஷ்டோர்ட்ஸ் காப்புரிமை பெற்ற குழாய் இணைப்பில் ஆண் முனை, பெண் முனை என்ற வேறுபாடே இல்லை. இருபுறமும் ஒரே வடிவம் என்பதால், புகையிலும் இருளிலும் எந்த முனை கைக்கு அகப்பட்டாலும் பூட்டிவிடலாம். பக்கத்து ஊர்ப் படை உதவிக்கு வரும்போது குழாய்கள் பொருந்தாமல் போன துயரம் வேறு நாடுகளில் நிகழ்ந்திருக்கிறது. 1904-இல் அமெரிக்காவின் பால்டிமோர் எரிந்தபோது வெளியூர்ப் படைகள் பல அவ்வாறுதான் தவித்தன. இந்த இணைப்பு இன்றும் ஜெர்மனியில் புழக்கத்தில் உள்ளது.

டுர்லாக் 1938-இல் கார்ல்ஸ்ரூஹவுடன் இணைக்கப்பட்டுவிட்டது. அதன் தன்னார்வப் படை மட்டும் இன்றும் அதே பெயரில் இயங்கி வருகிறது.