தட்டான் பறந்தால் நீங்கள் உட்காருங்கள்: நீர்நிலைப் படங்கள், கேள்வி பதில்

கேள்வி: அண்ணா, சின்னப் பூச்சியைக் கிட்டத்துல எடுக்கிற 100 எம்எம் மேக்ரோ லென்ஸ் வெச்சிருக்கேன். தட்டான் கிட்ட போனாலே பறந்துடுது.

பதில்: பறந்ததும் பின்னாலேயே ஓடுகிறீர்கள், அதுதான் சிக்கல். குளக்கரைத் தட்டான்கள் பல, ஒரு குச்சியைப் பிடித்துவிட்டால் சுற்றிவிட்டு அதே குச்சிக்கே வரும். அது போயிருக்கும் நேரத்தில் இரண்டடி முன்னால் நகர்ந்து, குச்சி நுனிக்கு ஃபோகஸ் வைத்து உட்காருங்கள். உங்கள் நிழல் குச்சி மேல் விழக்கூடாது. மழைக்காலத்தில் கூட்டமாகச் சுற்றும் மஞ்சள் தட்டானிடம் மட்டும் இது பலிக்காது. இந்தியப் பெருங்கடலைத் தாண்டி ஆப்பிரிக்காவுக்கே போகிற இனம் அது, லேசில் உட்காராது!

கேள்வி: மத்தியானம் ஒரு தட்டான் வாலைச் செங்குத்தாகத் தூக்கி நின்றது. ஏதாவது நோயா?

பதில்: வெயில்தான். வால் நுனியைச் சூரியனுக்கு நேரே காட்டினால் உடம்பில் படும் வெயில் குறையும். விடாமல் எடுங்கள், நல்ல படம்.

கேள்வி: ஒல்லி உடம்பு ஊசித்தட்டானின் தலை தெளிவாக வருகிறது, வால் மங்கிவிடுகிறது.

பதில்: மேலிருந்து சாய்வாக எடுத்திருப்பீர்கள். முழங்காலைச் சேற்றில் ஊன்றி, அதன் உடம்பும் கேமராவின் பின்பக்கமும் இணையாக இருக்கும்படி பக்கவாட்டில் பிடியுங்கள். லென்ஸ் துளையை (அபெர்ச்சர்) எஃப்/8 முதல் எஃப்/11 வரை வையுங்கள். இன்னொன்று: இறக்கையை விரித்து உட்கார்ந்திருப்பதால் அது தட்டான்தான் என்று முடிவுகட்ட வேண்டாம், சில ஊசித்தட்டான்களும் அப்படி உட்காரும். கண்ணைப் பாருங்கள். ஊசித்தட்டானுக்கு இரண்டு கண்ணும் சுத்தியலின் இரு முனை போலத் தள்ளி நிற்கும்.

கேள்வி: சார், பள்ளிக்கரணையில் எடுத்த கொக்கெல்லாம் வெறும் வெள்ளைத் திட்டு.

பதில்: கறுத்த தண்ணீரைப் பார்த்து கேமரா ஏமாந்து வெளிச்சத்தை ஏற்றிவிடுகிறது. எக்ஸ்போஷரில் ஒரு ஸ்டாப், அதாவது வெளிச்சத்தில் பாதி, குறையுங்கள், இறகு தெரியும். பறக்கும்போது ஷட்டர் வேகம் 1/2000 நொடி வேண்டும். பள்ளிக்கரணை, 2022-இல் ராம்சார் என்னும் சர்வதேச ஈரநிலப் பட்டியலில் சேர்ந்த சதுப்பு, பக்கத்திலேயே குப்பைமேடு. ஆனாலும் நீலத் தாழைக்கோழி ரோட்டோரத்திலேயே மேயும்.

கேள்வி: வேடந்தாங்கலில் கூட்டையும் குஞ்சுகளையும் நெருக்கமாக எடுக்க என்ன செய்யலாம்?

பதில்: நெருங்காமல் இருக்கலாம். அந்த ஊர்க்காரர்கள் பறவைகளுக்காகத் தீபாவளிக்கே வெடி வெடிப்பதில்லை. நாமோ பறக்கும் படம் வேண்டுமென்று கை தட்டுகிறோம். கரைமேல் நின்று 400 எம்எம் லென்ஸில் கிடைப்பது போதும். நத்தைகுத்தி நாரை சுள்ளி கவ்விக்கொண்டு வந்து இறங்கும், அதற்குக் காத்திருங்கள்.

கேள்வி: என்கிட்ட செல்போன்தான் இருக்கு.

பதில்: பறவையை விட்டுவிடுங்கள். விடிந்ததும் புல்வெளிக்குப் போங்கள். இறக்கையில் பனி காயாத ஊசித்தட்டான், கை எட்டும் தூரத்தில் அசையாமல் இருக்கும்.