சான் பிரான்சிஸ்கோவில் அப்பா தலைமுறை வாங்கிய வீட்டை இளைஞர்களால் ஏன் வாங்க முடிவதில்லை?

சம்பளத்தை மட்டும் பார்த்தால் பாதிக் கதைதான் தெரியும். வரிச் சட்டத்தையும் பாருங்கள். கலிஃபோர்னியாவில் 1978-இல் வாக்கெடுப்பில் நிறைவேறிய 13-ஆம் முன்மொழிவின்படி அடிப்படைச் சொத்துவரி, வீட்டுக்கு வரிக்காகக் கணக்கிடும் மதிப்பில் 1 சதவீதம். வீடு கைமாறும் வரை அந்த மதிப்பு ஆண்டுக்கு 2 சதவீதத்துக்கு மேல் ஏறாது.

உதாரணத்துக்கு, 1980-இல் ஒரு லட்சம் டாலருக்கு வாங்கியவருக்கு 2020-இல் அடிப்படை வரி சுமார் 2,200 டாலர். பக்கத்து வீட்டை அந்த ஆண்டு 15 லட்சத்துக்கு வாங்கிய இளம் தம்பதிக்கு 15,000! அப்புறம் பெரியவர் எதற்கு விற்கப்போகிறார்?

சரி, வாடகைக்குப் போகலாம் என்றால், வாடகை ஏற்றத்துக்கான கட்டுப்பாடு பெரும்பாலும் 1979 ஜூனுக்கு முன் கட்டிய அடுக்ககங்களுக்குத்தான். அதிலும் பழைய குடித்தனக்காரர் காலி செய்ததும் அடுத்தவருக்குச் சந்தை வாடகை. பெரியவர்களைப் பேராசைக்காரர்கள் என்று திட்டுவதில் எனக்கு உடன்பாடில்லை; ஏறும் வரியால் வீடே போய்விடுமோ என்ற பயத்தில்தான் அன்று பலர் ஓட்டுப் போட்டார்கள்.