கொள்கையா, அரிசியா?

கேள்வி: ஒரு நாட்டின் வெளிநாட்டுக் கொள்கையைத் தீர்மானிப்பது நியாயமா, நலனா, பலமா? மூன்றையும் விளக்கி எழுதும்படி எங்கள் சேர் சொல்கிறார். எனக்கு மூன்றும் ஒன்றுதான் என்று தோன்றுகிறது. சரியா?
– உயர்தர மாணவி, மஸ்கெலியா

பதில்: சோதனையில் மூன்றையும் எழுதுங்கள், புள்ளி முக்கியம். அப்புறம் வீட்டுக்குப் போய் அம்மாயியின் தகரப் பெட்டியைத் திறந்து பாருங்கள். துணிக்கு அடியில் மடிப்பு கிழிந்த பிரஜாவுரிமைக் கடதாசி ஏதும் கிடந்தால், பாடம் அதில்தான் இருக்கிறது.

1948-இல் வந்த பிரஜாவுரிமைச் சட்டம் இந்திய வம்சாவளித் தோட்டத்து மக்களை நாடற்றவர்களாக்கியது. ‘அங்கேயே பிறந்து வளர்ந்தவர்கள் இலங்கையின் பொறுப்பு’ என்று இந்தியப் பிரதமர் நேரு பிடியாக நின்றார். நியாயமான பேச்சுதான். இந்தியாவுக்குச் செலவில்லாத பேச்சும்கூட. 1962-இல் சீனாவிடம் அடி வாங்கிய பிறகு, அயலில் இன்னொரு மனத்தாங்கல் வேண்டாம் என்று டெல்லிக்குப் பட்டது. 1964 மே மாதம் நேரு மறைந்தார். ஒக்டோபர் 30-இல் இலங்கைப் பிரதமர் சிறிமாவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் இந்த மக்களைப் பங்கிடும் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார்கள். 975,000 பேரில் 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இங்கே. மிச்சம் 150,000 பேரை என்ன செய்வது? பிறகு பார்க்கலாம் என்று விட்டுவிட்டார்கள். பத்து வருடம் கழித்து, நாட்டுக்கு 75,000 பேர் என்று சரிபாதி. கொழுந்து நிறுக்கும்போது கணக்கப்பிள்ளைகூட இவ்வளவு கச்சிதமாக நிறுத்ததில்லை! போவதா இருப்பதா என்று லயத்தில் இருந்தவர்களிடம் கேட்டுவிட்டா இந்தக் கணக்கைப் போட்டார்கள்?

அதற்காக மூன்றும் ஒன்று என்று சொல்லிவிடாதீர்கள், தங்கச்சி. அங்கேதான் நீங்கள் வழுக்குகிறீர்கள். 1952-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். இலங்கைப் பிரதமர் டட்லி சேனாநாயக்காவின் அரசுக்குக் கம்யூனிசம் என்றாலே ஆகாது. சீனாவுக்கு றப்பர் விற்கக்கூடாது என்று அமெரிக்கா முறைத்துக்கொண்டிருந்தது. ஆனால் றப்பர் விலை சரிந்துகிடந்தது, அரிசிக்கோ உலகமெங்கும் தட்டுப்பாடு. றப்பரைக் கொடுத்து அரிசியை வாங்க டட்லியின் ஆட்களே சீனாவோடு ஒப்பந்தம் போட்டார்கள். அமெரிக்கா உதவியை மறுத்தது. ஒப்பந்தமோ முப்பது வருடம் ஓடியது. கொள்கை ஒரு பக்கம், வல்லரசின் பலம் இன்னொரு பக்கம். இரண்டையும் பானை அரிசி ஜெயித்தது.

ஆக 1952-இல் வயிறு பலத்தை மீறியது. 1964-இல் அதே நலன் நியாயத்தைத் தின்றது. உங்கள் சேரிடம் ஒன்று கேளுங்கள்: 525,000 என்ற எண்ணை ‘நலன்’ என்ற தலைப்பில் எழுதுவதா, ‘பலம்’ என்ற தலைப்பில் எழுதுவதா? அவர் சொல்வதை எனக்கும் எழுதி அனுப்புங்கள்.