பழசைக் கிளறுதல் – கடிதம்

அன்புள்ள அக்காவுக்கு,

மனக்காயம் பற்றி நீங்கள் எழுதியிருந்த குறிப்பை வாசித்துவிட்டுப் பல நாள் தயங்கி இதை எழுதுகிறேன். எனக்கு 36 வயது. அப்பா கோபக்காரர். ஏழு வயதிலிருந்து பதினைந்து வயது வரை அவரிடம் பெல்ட்டால் அடி வாங்கியிருக்கிறேன். மாலையில் அவருடைய பைக் வாசலில் வந்து நிற்கும் சத்தத்தை வைத்தே அன்றைக்கு அடி உண்டா இல்லையா என்று கண்டுபிடித்துவிடுவேன். இன்று அவருக்கு 72 வயது. பேரனோடு தரையில் உட்கார்ந்து விளையாடுகிறார். அவரை வெறுக்கவும் முடியவில்லை.

சென்ற மாதம் என் ஆறு வயது மகன் கண்ணாடி டம்ளரைக் கீழே போட்டு உடைத்துவிட்டான். அந்தச் சத்தம் கேட்டதும் நான் இரண்டு கைகளாலும் தலையை மூடிக்கொண்டு சுவரோரம் குனிந்துவிட்டேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. மகன் பக்கத்தில் வந்து, “அப்பா, யாருப்பா அடிச்சா?” என்று கேட்டான். பதில் சொல்லாமல் எழுந்து போய்விட்டேன்.

அம்மா “பழசைக் கிளறாதே” என்கிறார். அதே வீட்டில் வளர்ந்த அண்ணன் நன்றாகத்தான் இருக்கிறான். “உனக்கு ரொம்ப இளகின மனசு” என்கிறான். “அந்த அடிதான் உன்னை ஆளாக்கியது, நன்றி சொல்லி மன்னித்துவிடு, சரியாகிவிடும்” என்கிறார் ஒரு நண்பர். நான் பலவீனமானவனா? கிளறினால் ஆறுமா, இன்னும் புண்ணாகுமா?

(பெயர் வேண்டாம்)

அன்புள்ள தம்பி,

நீங்கள் பலவீனமானவர் இல்லை. இதை முதலில் சொல்லிவிடுகிறேன். இந்தக் கேள்வியோடுதான் நீங்கள் இருபது வருடம் தனியாக இருந்திருக்கிறீர்கள் என்று தோன்றுகிறது.

“பழசைக் கிளறாதே” என்று அம்மா சொல்வதில் அன்பு இருக்கிறது. ஆனால் அது இன்னும் பழசாகவில்லையே? பழந்தமிழில் இறத்தல் என்றால் கடந்துபோதல். இறந்தகாலம் என்பது நாம் கடந்து வந்துவிட்ட காலம். டம்ளர் உடைந்த அந்த நொடியில் உங்களுக்கு வயது 36 இல்லை, எட்டோ ஒன்பதோ. நீங்கள் எதையும் நினைவுகூரவில்லை. உங்கள் கைகள் அங்கேயே இருந்தன. சாதாரண நினைவுக்கும் மனக்காயத்துக்கும் உள்ள வித்தியாசம் இதுதான். ஒன்று “நடந்தது”. மற்றது “நடக்கிறது”.

இதற்கு உடலில் காரணம் இருக்கிறது. மூளையில் அமிக்டலா என்ற சின்னப் பகுதி ஆபத்தை மோப்பம் பிடிக்கும். பக்கத்திலேயே இருக்கும் ஹிப்போகாம்பஸ், நடந்ததை எங்கே, எப்போது என்ற விவரத்தோடு சேர்த்து வைக்க உதவும். தாங்க முடியாத பயத்தில் முதலாவது உச்சத்தில் அலறுகிறது, இரண்டாவது தன் வேலையைச் சரியாகச் செய்ய முடிவதில்லை. அதனால் சத்தமும் வாசனையும் உடலின் விறைப்பும் பதிந்துவிடுகின்றன, தேதி பதிவதில்லை. தேதி இல்லாத நினைவுக்குத் தான் முடிந்துவிட்டோம் என்று எப்படித் தெரியும்? ஒரு சத்தம் போதும், திரும்ப முதலிலிருந்து தொடங்கிவிடும்.

“இளகின மனசு” என்ற தீர்ப்பு பழையது, கொடூரமானதும்கூட. முதல் உலகப்போரில் பதுங்குகுழிகளிலிருந்து திரும்பிய சிப்பாய்கள் நடுங்கினார்கள், பேச்சிழந்தார்கள், காரணமில்லாமல் கண் தெரியாமல் போனார்கள். 1915-இல் சார்லஸ் மையர்ஸ் என்ற மருத்துவர் ‘ஷெல் ஷாக்’ என்ற சொல்லை மருத்துவ இதழில் பயன்படுத்தினார். குண்டு வெடிப்பின் அதிர்ச்சி நரம்புகளைக் குலைத்திருக்கும் என்பது அன்றைய எண்ணம். குண்டே விழாத இடத்தில் இருந்தவர்களுக்கும் அதே நடுக்கம் வருவதைப் பார்த்தபின், அந்தச் சொல்லே பொருந்தாது என்று அவரே சொன்னார். ஆனாலும் அந்தப் போரில் படையைவிட்டு ஓடியதற்காகவும் கோழைத்தனத்துக்காகவும் பிரிட்டிஷ் ராணுவம் தன் சொந்தச் சிப்பாய்களைச் சுட்டுக்கொன்றது. அவர்களில் 306 பேருக்கு 2006-இல்தான் மன்னிப்பு வழங்கப்பட்டது. அவர்களில் பலரை இன்றைய மருத்துவர் பார்த்திருந்தால் படுக்கையும் சிகிச்சையும் தந்திருப்பார். பி.டி.எஸ்.டி. (பேரதிர்ச்சிக்குப் பின் வரும் மன அழுத்தக் கோளாறு) என்ற பெயரில் இந்த நிலை அமெரிக்க மனநல மருத்துவர்களின் கையேட்டில் ஏறியது 1980-இல். உங்களைப் போல, குழந்தைப் பருவத்தில் தப்பிக்க வழியில்லாமல் வருடக்கணக்கில் அனுபவித்தவர்களின் காயம் தனி வகை என்று உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியல் ஏற்றுக்கொண்டதோ இப்போதுதான். அந்தப் பதிப்பு 2022-இல் நடைமுறைக்கு வந்தது. அண்ணன் அறியாமல் பேசுகிறார் என்று அவர்மேல் கோபப்படாதீர்கள். மருத்துவ உலகமே இவ்வளவு காலம் எடுத்துக்கொண்டிருக்கிறது.

அண்ணன் ஏன் நன்றாக இருக்கிறார்? உலகில் சுமார் 70 விழுக்காட்டினர் வாழ்நாளில் ஒருமுறையாவது இப்படிப்பட்ட கொடிய அனுபவத்துக்கு ஆளாகிறார்கள். அவர்களில் 5.6 விழுக்காட்டினருக்குத்தான் பி.டி.எஸ்.டி. வருகிறது என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஒரே வீடு என்றாலும் ஒரே அனுபவம் இல்லை. யாருக்கு எந்த வயதில் அடி விழுந்தது, யார் மேல் அதிகம் விழுந்தது, அடி விழுந்த இரவில் பக்கத்தில் வந்து படுத்துக்கொள்ள யாராவது இருந்தார்களா என்பதெல்லாம் கணக்கில் வரும். கடைசியில் சொன்னது மிக முக்கியமானது. அடிக்குப் பின் தனியாக விடப்படுவது தனிக் காயம். அதோடு, அண்ணன் உண்மையிலேயே நன்றாக இருக்கிறாரா என்பது அவருக்குத்தான் தெரியும்.

இப்போது கிளறுவது பற்றி. நான் என் கதையைக் கொஞ்சம் சொல்கிறேன். பத்தொன்பது வயதில் ஒரு சாலை விபத்தில் இருந்தேன். பக்கத்து இருக்கையில் இருந்தவர் பிழைக்கவில்லை. ஐந்து வருடம் கழித்து முதல்முறையாக ஓர் ஆலோசகரிடம் போனேன். உட்கார்ந்த பத்தாவது நிமிடத்தில், “அன்று என்ன நடந்தது, ஒன்று விடாமல் சொல்லுங்கள்” என்றார். சொன்னேன். நேரம் முடிந்தது என்று எழுந்துவிட்டார். வெளியே வந்து படிக்கட்டில் உட்கார்ந்தவளால் ஒரு மணி நேரம் எழ முடியவில்லை. அதற்குப் பிறகு மூன்று வருடம் நான் யாரிடமும் போகவில்லை. கிளறினால் புண்ணாகுமா என்று கேட்டீர்கள். இப்படிக் கிளறினால் ஆகும்.

இரண்டாவதாகப் பார்த்த அம்மையார் இரண்டு மாதம் விபத்தைப் பற்றிக் கேட்கவே இல்லை. தூக்கம் எப்படி, சாப்பாடு எப்படி, பயம் வரும்போது மூச்சு எங்கே அடைக்கிறது, கால் தரையில் இருப்பது தெரிகிறதா என்றுதான் கேட்டார். எனக்குப் பொறுமை போய்விட்டது. பிற்பாடுதான் புரிந்தது, அந்த இரண்டு மாதமும் சிகிச்சைதான். ஜூடித் ஹெர்மன் என்ற அமெரிக்க மனநல மருத்துவர் 1992-இல் மனக்காயம் ஆறுவதை மூன்று கட்டமாகப் பிரித்துச் சொன்னார். முதலில் பாதுகாப்பு. பிறகு நினைவுகூர்ந்து துக்கப்படுதல். அதன்பின் மறுபடி வாழ்க்கையோடும் மனிதர்களோடும் இணைதல். முதலாவதைத் தாண்டிக் குதித்ததால்தான் நான் அந்தப் படிக்கட்டில் உட்கார்ந்திருந்தேன்.

இரண்டாம் கட்டத்தில் நடந்த ஒரு விஷயம் என்னை இன்றும் வியக்க வைக்கிறது. எட்னா ஃபோவா என்ற உளவியலாளர் உருவாக்கிய முறை அது. கண்ணை மூடிக்கொண்டு, நடந்ததை நிகழ்காலத்தில் சொல்லச் சொல்வார்கள். “வண்டி வருகிறது, பிரேக் சத்தம் கேட்கிறது” என்று. சொன்னதை ஒலிப்பதிவு செய்து, அந்தப் பதிவைத் தினமும் வீட்டில் கேட்க வேண்டும். ஒவ்வொரு சந்திப்பும் ஒன்றரை மணி நேரம் வரை போகும், எட்டிலிருந்து பதினைந்து சந்திப்புகள். முதல் வாரம் நரகம். ஐந்தாவது வாரமோ ஆறாவது வாரமோ, சொல்லிக்கொண்டிருக்கும்போதே நான் அறியாமல் “வண்டி வந்தது” என்று சொல்லிவிட்டேன். அம்மையார் திருத்தவில்லை. நான்தான் கண்ணைத் திறந்து பார்த்தேன்.

ஏன் இப்படி நடக்கிறது என்பதற்கு முழு விடை இல்லை. 2000-இல் கரீம் நாதர், ஜோசஃப் லெடூ என்ற மூளை ஆய்வாளர்கள் எலிகளிடம் ஒன்றைக் கண்டார்கள். பதிந்துபோன பயநினைவுகூட, மறுபடி தூண்டப்பட்டால் கொஞ்ச நேரத்துக்கு இளகுகிறது, பிறகு புதிதாக உறைய வேண்டியிருக்கிறது. எலியில் பார்த்ததை மனிதருக்கு அப்படியே பொருத்திவிட முடியாது. ஆனாலும் எனக்கு அதில் ஒரு நம்பிக்கை கிடைத்தது. இளகியிருக்கும் நேரத்தில் பக்கத்தில் பாதுகாப்பான ஒருவர் இருந்தால், உறையும்போது அவரும் சேர்ந்து உறைவாரோ என்னவோ.

நண்பர் சொன்ன நன்றியும் மன்னிப்பும் எனக்குக் கோபத்தைத் தருகின்றன. ஒரு குழந்தையை பெல்ட் ஆளாக்குவதில்லை. காயத்துக்குப் பின் வரும் வளர்ச்சியை ஆராய்ந்தவர்களே, வளர்ச்சி காயத்திலிருந்து வரவில்லை, அதோடு மல்லுக்கட்டியதிலிருந்து வந்தது என்கிறார்கள். உங்களை ஆளாக்கியவர் நீங்கள். மன்னிப்பு உங்களுக்கு என்றாவது தானாக வந்தால் வரட்டும், வராவிட்டாலும் ஆறலாம். பேரனோடு விளையாடும் கிழவர்மேல் பாசமும், அந்த பைக் சத்தத்தின் மேல் வெறுப்பும் ஒரே நெஞ்சில் இருக்கலாம். இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்லும் யார் பேச்சையும் கேட்காதீர்கள்.

மனக்காயத்துக்கென்று பயிற்சி பெற்ற ஒருவரைத் தேடுங்கள். முதல் சந்திப்பிலேயே அவரிடம், “என்னை எப்படி நிதானப்படுத்துவீர்கள்?” என்று கேளுங்கள். முகம் சுளித்தால் வேறு ஆளைப் பாருங்கள். இதற்கிடையில் வாழவே வேண்டாம் என்று தோன்றினால், தேடுவதை விட்டுவிட்டு அன்றைக்கே மருத்துவமனைக்குப் போங்கள்.

உங்கள் மகன் கேள்வி கேட்டுவிட்டுக் காத்திருக்கிறான். குழந்தைகள் பதில் கிடைக்காத இடத்தில் தங்களையே வைத்துக்கொள்வார்கள். நான் டம்ளரை உடைத்ததால்தான் அப்பா அப்படி ஆனார் என்று அவன் இந்நேரம் முடிவு செய்திருக்கக்கூடும். தாத்தாவைப் பற்றி அவனிடம் எதுவும் சொல்ல வேண்டாம், அவனுக்கு அது இப்போது தேவையில்லை. பக்கத்தில் உட்கார்த்திக்கொண்டு இதை மட்டும் சொல்லுங்கள்: “அன்னிக்கு சத்தத்துல அப்பா பயந்துட்டேன். நீ தப்பு ஒண்ணும் பண்ணல. நான் சின்னப் பையனா இருந்தப்ப ஒருத்தர் அடிச்சார். இப்ப யாரும் அடிக்கல.”

அன்புடன்,
அக்கா