வாசகர் கேள்வி பதில்: வகுப்பறைக்குள் உலகம் வர வேண்டுமென்றால்

கேள்வி: பலதுறைத் தொழிற்கல்லூரியில் நீர் மேலாண்மைப் பாடம் நடத்துகிறேன். உலகப் பார்வை வேண்டும் என்று துறையில் சொன்னதால், ஒவ்வொரு வகுப்பின் முடிவிலும் ஒரு வெளிநாட்டு எடுத்துக்காட்டைச் சேர்த்தேன். மாணவர்கள் பேனாவைக்கூட எடுப்பதில்லை. என்ன செய்யலாம்?
– விரிவுரையாளர், ஈசூன்

பதில்: கடைசி ஐந்து நிமிடத்தில் வருவது தேர்வுக்கு வராது என்று அவர்களுக்கு நன்றாகத் தெரியும். எடுத்துக்காட்டைக் கூட்டுவதை விட்டுவிட்டுப் பாடத்தின் கேள்வியையே மாற்றுங்கள். 'சிங்கப்பூர் தண்ணீருக்கு என்ன செய்தது?' என்று கேட்டால் நீர்த்தேக்கம், மலேசியாவின் ஜோகூரிலிருந்து வரும் நீர், புதுநீர் (சுத்திகரித்த கழிவுநீர்), குடிநீராக்கிய கடல்நீர் என்று நான்கையும் ஒப்பித்துவிட்டு உட்கார்ந்துவிடுவார்கள். 'தண்ணீர் குறைந்தால் ஒரு நகரம் முதலில் எதைத் தொட வேண்டும், விநியோகத்தையா, பயன்பாட்டையா?' என்று கேளுங்கள். இதற்கு ஒரே ஊரை வைத்துக்கொண்டு பதில் சொல்ல முடியாது.

முதலில் சொந்த வீட்டுக் கணக்கு. எஸ்பி நிறுவனம் அனுப்பும் மின்சார, தண்ணீர்க் கட்டணச் சீட்டில் தண்ணீர் கன மீட்டரில் இருக்கும். ஒரு கன மீட்டர் 1,000 லிட்டர். நால்வர் உள்ள வீட்டில் 30 நாளுக்கு 16 கன மீட்டர் என்றால், ஆளுக்கு ஒரு நாளைக்கு 133 லிட்டர். அதன் பிறகு தென்னாப்பிரிக்காவின் கேப்டவுன்: 2018 பிப்ரவரியில் அங்கே ஆளுக்கு ஒரு நாளைக்கு 50 லிட்டர் என்று வரம்பு வைத்தார்கள். தங்கள் வீட்டில் எதை வெட்டினால் 50க்கு வரும், அதில் யாருக்குச் சிரமம் அதிகம் என்று மாணவர்கள் எழுதட்டும். கடைசியில் சென்னை: மீஞ்சூரில் 2010 முதல் நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் தரக்கூடிய, கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை இருந்தும், 2019 கோடையில் ஏரிகள் வறண்டு, ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்தது. ஏன்? இந்த வரிசையை மாற்றாதீர்கள். வெளியூர்த் தகவலை முதலிலேயே கொடுத்தால் அது வெறும் செய்தியாகப் போய்விடும்.

ஒரு பொறி இருக்கிறது. நம் மாணவர்கள் இதை 'அவர்கள் தவித்தார்கள், நாம் கெட்டிக்காரர்கள்' என்று முடித்துவிடுவார்கள். அதனால் சிங்கப்பூர் தடுமாறும் ஒரு கேள்வியும் கட்டாயம் இருக்கட்டும். எதிர்ச் சவ்வூடு பரவல் முறையில், அதாவது அழுத்தம் கொடுத்து நுண்சவ்வு வழியே வடிகட்டி, ஒரு கன மீட்டர் கடல்நீரைக் குடிநீராக்க ஏறத்தாழ 3.5 யூனிட் மின்சாரம் ஆகிறது. நம் மின்சாரத்தில் 95 விழுக்காட்டு அளவுக்கு இயற்கை எரிவாயுவில் உற்பத்தியாகிறது, அந்த எரிவாயுவோ இறக்குமதி. அப்படியானால் எதில் தன்னிறைவு? வகுப்பு சூடு பிடிப்பது இங்கேதான்.

இவ்வளவும் செய்துவிட்டு மதிப்பெண் வைக்காவிட்டால் வீண். பாட மதிப்பெண்ணில் ஐந்தில் ஒரு பங்காவது இதற்குக் கொடுங்கள். எத்தனை நாடுகளைக் குறிப்பிட்டார்கள் என்பதைப் பார்க்காமல், தன் ஊரின் முடிவைப் பிற ஊரின் நிலையில் வைத்துச் சோதித்தார்களா என்பதைப் பாருங்கள்.

கேள்வி: ஜெர்மனியிலுள்ள கல்லூரி ஒன்றோடு இணையவழிக் கூட்டுப்பாடம் தொடங்கினோம். அறிமுகக் கூட்டம் கலகலப்பாக இருந்தது. மூன்றாம் வாரத்தில் பாதிப் பேரைக் காணோம்.
– தெம்பனிஸ் வாசகி

பதில்: பெரும்பாலும் காரணம், ஒரு பக்கம் மதிப்பெண் உண்டு, மறுபக்கம் இல்லை. இரு ஆசிரியர்களும் தொடங்குமுன் ஒரே பக்கத்தில் எழுதிக்கொள்ளுங்கள்: வேலை என்ன, கெடு எப்போது, இரு கல்லூரியிலும் எவ்வளவு மதிப்பெண்.

ஐந்து அல்லது ஆறு வாரம் போதும், அதற்கு மேல் இழுக்காது. உங்கள் ஜூன் விடுமுறைக்கு முன் முடியும்படி ஏப்ரல் கடைசியில் தொடங்குங்கள். முதல் வாரம் இரண்டு நிமிடக் காணொளி அறிமுகம், நேரலை வேண்டாம். குழுவில் இங்கே இருவர், அங்கே இருவர். நான்குக்கு ஒன்று என்று பிரித்தால் அந்த ஒருவர் விருந்தாளியாகிவிடுவார். நேரலையில் ஆங்கிலம் சரளமாக வருகிறவரே பேசிக்கொண்டிருப்பார். அதனால் பேசுமுன் ஒவ்வொருவரும் பகிர்ந்த கோப்பில் ஐந்து வரி எழுத வேண்டும் என்று விதி வையுங்கள்.

நேரத்தில்தான் பலரும் சறுக்குகிறார்கள். ஜெர்மனி நமக்குக் குளிர்காலத்தில் 7 மணி நேரம் பின்னே, கோடையில் 6. மார்ச், அக்டோபர் மாதங்களின் கடைசி ஞாயிறன்று அது மாறும். நமக்கு மாலை 4 மணி என்றால் அவர்களுக்கு ஜனவரியில் காலை 9, மே மாதத்தில் காலை 10. அழைப்பில் இரு ஊர் நேரத்தையும் எழுதுங்கள். பகிர்ந்த கோப்பையும் முன்கூட்டியே சோதியுங்கள், அதுவும் ஒரு மாணவர் கணக்கிலிருந்து. ஆசிரியர் கணக்கில் திறக்கும் கோப்பு மாணவர் கணக்கில் திறக்காமல் போவது அடிக்கடி நடப்பது.

கேள்வி: வெளிநாட்டுப் பரிமாற்றப் படிப்புக்கு மகளை அனுப்ப வசதியில்லை. பெரிய இழப்பா?
– ஜூரோங் தந்தை

பதில்: இழப்புத்தான், ஈடுகட்டக்கூடிய இழப்பு. பெரும்பாலான மாணவர்கள் நாட்டை விட்டுப் போகவே மாட்டார்கள் என்பதால்தான் 1990களின் இறுதியில் சுவீடனின் மால்மோ பல்கலைக்கழகத்தில் 'உள்ளூரிலேயே உலகக் கல்வி' என்ற சிந்தனை எழுந்தது. உங்கள் மகளின் வகுப்பிலேயே மலேசியா, மியன்மார், சீனா, இந்தியா என்று பல நாட்டவர் இருக்கக்கூடும். குழுப்பணிக்கு ஆள் சேர்க்கும்போது வழக்கமான தோழிகளை விட்டு அவர்களில் இருவரைச் சேர்த்துக்கொள்ளச் சொல்லுங்கள். பயண உதவித்தொகை பற்றியும் மாணவர் அலுவலகத்தில் கேளுங்கள், விண்ணப்பக் கெடுவுக்குப் பல வாரம் முன்னதாகவே.