பாதாள சாக்கடை: முப்பது ஆண்டுக்குப் பிந்தைய ஊருக்கு இன்று குழாய் இடுவது எப்படி?

கழிவுநீர்த் திட்ட வடிவமைப்பில் பணியாற்றி ஓய்வு பெற்ற பொறியாளன் என்ற முறையில், வாசகர்கள் கேட்ட வினாக்களுக்கு எனக்குத் தெரிந்த அளவில் விடை தருகிறேன்.

கேள்வி (திருப்பூர்): 30 ஆண்டுக்குப் பிறகு வரப்போகும் மக்கள்தொகைக்குக் குழாய் இடுவதாகச் சொல்கிறார்கள். அந்தக் கணக்கை எப்படிப் போடுகிறார்கள், ஐயா?

பாதாள சாக்கடைக்கான மத்திய அரசின் 2013ஆம் ஆண்டுக் கையேட்டின்படி, ஒருவருக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் குடிநீர் வழங்கினால் அதில் 80 விழுக்காடு, அதாவது 108 லிட்டர், கழிவுநீராகத் திரும்பும். 30,000 பேர் வாழும் பகுதிக்கு இது விநாடிக்கு 37.5 லிட்டர் சராசரி. ஆனால் ஊரே ஒரே நேரத்தில் குளிக்கும் காலை வேளைக்குச் சராசரி போதாது என்பதால், அந்த அளவு மக்கள்தொகைக்கு இரண்டரை மடங்கு எடுத்துக்கொண்டு, ஏறக்குறைய 94 லிட்டருக்குக் குழாயை வடிவமைப்போம்.

பெருக்கல் எளிது, 30,000 என்ற எண்தான் கடினம். முழுமையாக வெளியான கடைசி மக்கள்தொகைக் கணக்கெடுப்பு 2011ஆம் ஆண்டினுடையது. அதிலிருந்து வளர்ச்சி விகிதத்தை நீட்டி, ஊர் முழுவதற்கும் சமமாகப் பங்கிடுவது பலரும் செய்யும் தவறு. ஊர் அப்படிச் சமமாக வளர்வதில்லை. புறவழிச்சாலை ஓரம் ஊதிப்பெருக்கும், அக்ரஹாரத் தெரு அப்படியே கிடக்கும். தவிர, தமிழ்நாட்டின் 2019ஆம் ஆண்டு ஒருங்கிணைந்த கட்டட விதிகள் சாதாரணக் கட்டடங்களுக்கான தளப்பரப்புக் குறியீட்டை, அதாவது மனைப் பரப்பைப் போல் எத்தனை மடங்கு தளம் கட்டலாம் என்ற அளவை, 1.5இலிருந்து 2ஆக உயர்த்தின. தெரு அகலவில்லை, குழாயும் மாறவில்லை, குடியிருப்போர் மட்டும் கூடலாம் என்றாகிவிட்டது.

கேள்வி (நாகர்கோவில்): எதற்கு இவ்வளவு கணக்கு? பெரிய குழாயாகவே போட்டுவிடலாமே?

இதைக் கேட்காத ஊராட்சித் தலைவரை நான் பார்த்ததில்லை. கேள்வியில் நியாயமும் உண்டு: அதே சரிவில் 200 மி.மீ. குழாய்க்குப் பதிலாக 300 மி.மீ. குழாய் இட்டால், கொண்டுசெல்லும் அளவு ஏறக்குறைய மூன்று மடங்காகும். செலவு அப்படி மூன்று மடங்காவதில்லை. பள்ளம் தோண்டுவதும் நீரை இறைப்பதும் சாலையை மூடுவதும் பெரும்பாலும் அதே வேலைதான்.

ஆனால் கழிவுநீர் ஓடினால்தான் குழாய் சுத்தமாக இருக்கும். தொடக்க ஆண்டுகளின் உச்ச ஓட்டத்தில்கூட விநாடிக்கு 0.6 மீட்டர் வேகம் வேண்டும் என்கிறது கையேடு. ஓர் ஊரில் 450 மி.மீ. குழாயின் மேன்ஹோல் மூடியைக் காலை எட்டு மணிக்குத் திறந்து பார்த்தோம். அடியில் நாலு விரற்கடை நீர், அதற்குக் கீழே களிமண் போல இறுகிய கசடு. அந்தக் கசட்டிலிருந்து எழும் ஹைட்ரஜன் சல்பைடு வாயு குழாயின் மேற்கூரையில் கந்தக அமிலமாக மாறி, கான்கிரீட்டை அரித்துக்கொண்டிருந்தது. கம்பி முனையால் கீறினால் ஈரச் சுண்ணாம்பு போல உதிர்ந்தது. வருங்காலத்துக்கென்று இட்ட குழாய், அந்த வருங்காலம் வருமுன்னே செத்துக்கொண்டிருந்தது.

ஆகவே உபரிக் கொள்ளளவை எங்கு வைப்பது என்பதே என் தொழிலின் சாரம் என்பேன். ஆறு, ஏழு மீட்டர் ஆழத்தில் முதன்மைச் சாலையின் கீழ் செல்லும் பிரதானக் குழாயை மறுபடி தோண்ட யாரும் விடமாட்டார்கள். தாராளம் அங்கே வேண்டும். பம்புகளின் ஆயுளே 15 ஆண்டு என்பதால், கழிவுநீரை இறைத்து அனுப்பும் உந்து நிலையத்தில் கிணற்றையும் இடத்தையும் முப்பதாண்டுக்கு அமைத்து, பம்புகளை இரண்டு கட்டமாக நிறுவலாம். சுத்திகரிப்பு நிலையத்துக்கு நிலத்தை முழுமையாக இன்றே கையகப்படுத்திக்கொண்டு, தொட்டிகளைப் பகுதி பகுதியாகக் கட்டலாம்.

கேள்வி (தாம்பரம்): வெயில் காலத்தில் ஒழுங்காக ஓடும் குழாய், மழை பெய்தால் தெருவில் பொங்குகிறதே?

மொட்டைமாடி மழைநீரைச் சாக்கடை இணைப்பில் திருப்பிவிட்ட வீடுகளே முதற்காரணம்; விரிசல் வழியே கசியும் நிலத்தடி நீர் அடுத்தது. கசிவுக்குக் கணக்கில் ஓர் ஒதுக்கீடு உண்டு. மாடி நீருக்குக் கிடையாது. இந்த நீரை அப்புறப்படுத்தினாலே பல தெருக்களில் புதுக் குழாய் தேவைப்படாது.

கேள்வி (சென்னை): மாநகராட்சி எல்லை விரிந்தபோது பழைய குழாய்களிலேயே இணைத்திருக்கக் கூடாதா?

2011இல் 42 உள்ளாட்சிகள் சேர்ந்து, 174 சதுர கி.மீ. நகரம் 426 ஆயிற்று. பழைய நகரத்தின் குழாய்கள் அந்தப் பழைய எல்லையைக் கணக்கிட்டு இடப்பட்டவை. கடைக்கோடியில் நீரைச் சேர்த்தால், வழியெங்கும் உள்ள ஒவ்வொரு குழாயும் உந்து நிலையமும் அதைச் சுமக்க வேண்டியிருக்கும். புதிய பகுதிகளுக்குத் தனி வலைப்பின்னல் தேவைப்படுவது அதனால்தான்.

கேள்வி (கோயம்புத்தூர்): எங்கள் தெருவில் 400 வீடுகள் கொண்ட அடுக்ககம் வருகிறது. குழாய் தாங்குமா என்பதை எப்படி அறிவது?

வீட்டுக்கு நால்வர் எனக் கொண்டால் நாளுக்கு ஏறக்குறைய 1.73 லட்சம் லிட்டர்; சராசரி விநாடிக்கு 2 லிட்டர், உச்ச நேரத்தில் 6 லிட்டர் (சிறிய மக்கள்தொகைக்கு இரண்டரைக்குப் பதில் மூன்று மடங்கு எடுப்போம்). காலை ஆறரை முதல் ஒன்பது மணி வரை, தொடர்ந்து சில நாட்கள், அடுத்தடுத்த மூன்று மேன்ஹோல்களில் நீர்மட்டத்தை மேலிருந்தே அளக்கும்படி மாநகராட்சிக்கு எழுத்து மூலம் கேளுங்கள். எக்காரணம் கொண்டும் எவரும் உள்ளே இறங்கக் கூடாது. குழாய் பாதி நிறைந்து தடையின்றி ஓடினால் அதன் முழுத் திறனில் பாதிதான் பயன்படுகிறது, இடம் இருக்கிறது. விட்டத்தில் பத்தில் எட்டுப் பங்கு வரை ஏற்கெனவே நிறைந்திருந்தால், இணைப்பு தரும் முன் குழாயை மாற்றும் செலவில் கட்டுநரின் பங்கு எவ்வளவு என்பதை அந்த மனுவிலேயே கேட்டுவிடுங்கள்.